ஓலைக் கூரையில் நாகர், தூணில் தீர்த்தங்கரர்

புல்லறுத்துக்கொண்டிருந்த பெண்ணின் அரிவாள் ஒரு கல்லில் பட்டது. கல்லிலிருந்து ரத்தம் கசிந்தது. ஓடி வந்த ஊரார் அங்கே ஐந்தலை நாகத்தைக் கண்டார்கள். நாகர்கோவில் நாகராஜா கோயில் எழுந்த கதையாக நாஞ்சில் நாட்டில் சொல்லப்படுவது இது. நாகர் கருவறைக்கு இன்றும் ஓலைக் கூரைதான்.

கதையில் வராத ஒரு செய்தி கோயில் தூண்களில் இருக்கிறது. பார்சுவநாதர், மகாவீரர், பத்மாவதி சிற்பங்களைத் தேடிப் பாருங்கள். சமணத்தின் 23ஆம் தீர்த்தங்கரரான பார்சுவநாதரின் அடையாளமே தலைக்கு மேல் படம் விரித்த பாம்புதான். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேணாட்டு அரசர் பூதலவீர உதயமார்த்தாண்டர் காலத்துக் கல்வெட்டுகள் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்ற இரு சமணரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. அவ்வளவு பிற்காலத்திலும் இங்கே சமணர்கள் செல்வாக்கோடு இருந்திருக்கிறார்கள்!

அரிவாள் பட்ட கதைக்கு இவை சான்றாகா. அதே கதை வேறு பல கோயில்களுக்கும் உண்டு. நாக வழிபாடு முந்தியதா, சமணம் முந்தியதா என்ற வழக்கையும் இத்தூண்கள் தீர்த்துவைக்கவில்லை. இதே கன்னியாகுமரி மாவட்டத்தின் சிதறால் குன்றில் நிலைமை இன்னும் தெளிவு: 9ஆம் நூற்றாண்டுச் சமணத் தலம், 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பகவதி கோயிலாயிற்று. பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களை யாரும் அகற்றவில்லை.