டப்பாவுக்குள் ஒரு தோட்டம்

ட்ராம்பே கழிமுகத்தை ஒட்டிய சீத்தா கேம்ப்பில் தோட்டம் என்றால் பெயின்ட் டப்பாவும் உடைந்த பிளாஸ்டிக் வாளியும்தான். காரணம் பழையது. 1976 மே மாதம், அவசர நிலையின்போது, பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி காலிசெய்யப்பட்டது. தமிழர்கள் ஏராளமாக இருந்த சுமார் 70,000 பேர் இந்தச் சதுப்பு நிலத்துக்கு அனுப்பப்பட்டனர். குடும்பத்துக்குக் கிடைத்தது 10 அடிக்கு 15 அடி மனை. வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடிய ஜோக்கின் அற்புதம் 2000இல் மகசேசே விருது பெற்றார்.

ஆக, செடிக்கு மிஞ்சுவது வாசற்படியும் ஜன்னல் விளிம்பும்தான். உப்பேறிய மண் மல்லிகைக்கு ஆகாது. அடியில் துளையிட்ட டப்பாவில் செம்மண்ணும் மக்கிய எருவும் போட்டு வைத்தால் பிழைத்துக்கொள்ளும்.

மழைக்குப் பிறகு கடைசிப் பூக்களைத் தரும் மல்லிகை, குளிர் வந்ததும் ஓய்ந்துவிடும். நோய் என்று பதறி உரம் கொட்ட வேண்டியதில்லை. தண்ணீரைக் குறைத்து, நவம்பர் கடைசியில் ஒன்றரை அடி உயரம் விட்டுக் கவாத்து செய்ய வேண்டும். மொட்டு வருவது புதுத் தளிரில்தான். வெட்ட மனம் வராதவர்களுக்குக் கோடையில் பூ குறையும்.

செவ்வந்தி நேர்மாறு. பகல் குறுகினால்தான் மொட்டு கட்டும். இரவு முழுக்கத் தெருவிளக்கு மேலே விழுந்தால் பூப்பது தள்ளிப்போகும். டப்பாவை இருட்டான மூலைக்கு நகர்த்துவதே வைத்தியம். வாடிய பூவை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். தொட்டித் தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் காயவைப்பது கட்டாயம்: டெங்குக் கொசு முட்டையிடுவது அங்கேதான்.

டப்பாச் செடிக்கு ஒரு வசதி உண்டு. வீட்டைக் காலிசெய்ய நேர்ந்தால் அதுவும் கூடவே வரும்.