கேட்டது ஒன்று, வந்தது ஒன்று

(இறுதியாண்டு மாணவர், மின்னணுவியல் துறை)



லேபில் ஒரு ரெசிஸ்டரின் வோல்ட்டேஜைப் பார்க்கச் சொல்கிறார்கள். மீட்டரைப் பக்கத்து ரெசிஸ்டரில் வைத்தாலும் முள் ஆடத்தான் செய்யும். ரீடிங் வரும். ஆனால் கேட்ட ரீடிங் அது இல்லை. வைவாவில் சார் ஒரே நிமிடத்தில் பிடித்துவிடுவார். அரசியல்வாதியிடம் அவருடைய சொந்த விஷயத்தைக் கேட்டால் வருகிற பதிலும் பல நேரம் இப்படித்தான். முள் ஆடுகிறது, நாமும் கைதட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

வயது, உடல்நிலை, சொத்து, குடும்பம் பற்றிய கேள்விகளுக்குத் தலைவர்கள் பதில் சொல்லும் முறைகளில் சிலவற்றைப் பார்ப்போம். நம்மில் பலர் முதல் ஓட்டுப் போடப் போகிறவர்கள். தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதானே!

1. சிரிக்க வைப்பது

1984-ல் அமெரிக்க ஜனாதிபதி ரீகனுக்கு வயது 73. அக்டோபர் 21-ம் தேதி நடந்த தேர்தல் விவாதத்தில், நெருக்கடி வந்தால் இந்த வயதில் தூக்கமில்லாமல் வேலை செய்ய முடியுமா என்ற பொருளில் ஒரு நிருபர் கேட்டார். எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் நான் தேர்தலுக்குப் பயன்படுத்த மாட்டேன் என்றார் ரீகன். அரங்கமே சிரித்தது. 56 வயதான எதிராளி மாண்டேலும் சிரித்துவிட்டார். அடுத்த மாதம் 50 மாநிலங்களில் 49-ல் ரீகனுக்கு வெற்றி. முடியுமா, முடியாதா என்ற கேள்வி அந்தச் சிரிப்பிலேயே கரைந்து போனது.

2. வீட்டைத் திறந்து காட்டுவது

1952-ல் அங்கே துணை ஜனாதிபதி வேட்பாளர் நிக்சன் மீது ஒரு புகார் வந்தது. ஆதரவாளர்கள் தந்த 18,000 டாலர் நிதி பற்றிய புகார். செப்டம்பர் 23-ம் தேதி டெலிவிஷனில் வந்து பேசினார். கணக்கும் சொன்னார், மறுப்பதற்கில்லை. ஆனால் கூடவே தன் கடன்களைச் சொன்னார். மனைவியிடம் இருப்பது சாதாரணத் துணிக்கோட்டுதான் என்றார். பிள்ளைகளுக்குப் பரிசாக வந்த செக்கர்ஸ் என்ற நாயை மட்டும் யார் என்ன சொன்னாலும் திருப்பித் தர மாட்டோம் என்றார். ஆதரவுத் தந்திகள் குவிந்தன. அந்தப் பேச்சுக்கு இன்றுவரை நாயின் பெயர்தான். நிதியின் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

3. படத்தைக் காட்டுவது

அமெரிக்கா எதற்கு? கம்பத்திலிருந்து தேனி போய் மதுரை ரோட்டைப் பிடித்தால் ஆண்டிபட்டி. 1984 டிசம்பர் சட்டமன்றத் தேர்தலில் அந்தத் தொகுதியின் வேட்பாளர் முதல்வர் எம்.ஜி.ஆர். ஆனால் அவர் தொகுதியில் இல்லை, நாட்டிலேயே இல்லை! அக்டோபரில் உடல்நலம் கெட்டு, நியூயார்க்கின் புரூக்ளினில் சிகிச்சையில் இருந்தார். ஆள் எப்படி இருக்கிறார் என்பதுதான் ஊரெல்லாம் கேள்வி. மருத்துவமனையில் அவர் இருக்கும் காட்சிகளைப் படமாக்கி வந்து தமிழ்நாடு முழுக்கப் போட்டுக் காட்டினார்கள். தலைவர் உயிரோடு இருக்கிறார் என்று பார்த்த ஜனங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஒரு நாள்கூடப் பிரசாரத்துக்கு வராமல் ஆண்டிபட்டியில் ஜெயித்தார். ஆட்சியும் திரும்ப வந்தது.

ஆண்டிபட்டிக்காரர்களின் பாசத்தைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஓட்டுப் போடுகிறவருக்குத் தெரிய வேண்டிய கேள்வி இன்னொன்று இருந்தது: பழையபடி பேசி, வேலை செய்து ஆட்சி நடத்த முடியுமா? அதற்குப் படத்தில் பதில் இல்லை. 1985 பிப்ரவரியில் திரும்பி வந்த எம்.ஜி.ஆரின் பேச்சு, 1987 டிசம்பரில் அவர் மறையும் வரை முழுதாகச் சீராகவே இல்லை.

4. உறவு கொண்டாடுவது

இது நம்ம ஊர்ச் சரக்கு. அண்ணா, அம்மா, உடன்பிறப்பே, ரத்தத்தின் ரத்தமே! இந்தச் சொற்களில் உண்மையான அன்பும் உண்டு. ஆனால் உறவுமுறை வைத்த பிறகு கணக்குக் கேட்பது கஷ்டம். பெற்ற தாயிடம் போய் பாஸ்புக்கைக் காட்டு என்று யாராவது கேட்பார்களா? கேட்டவன்தான் கெட்டவன் ஆகிவிடுவான்.

5. கேட்டவரையே திருப்புவது

ஜெயலலிதாவின் இரண்டு ஆங்கிலப் பேட்டிகள் பிரபலம். 1999-ல் சிமி கரேவாலிடம் சிறு வயதையும் தாயாரையும் பற்றி மனம் விட்டுப் பேசினார். ஒரு பழைய இந்திப் பாட்டையும் பாடிக் காட்டினார். 2004-ல் கரண் தாப்பர் ஜோதிட நம்பிக்கை உள்ளிட்ட விஷயங்களைத் துருவித் துருவிக் கேட்டார். கடைசியில், உங்களோடு பேசியது மகிழ்ச்சியாக இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லி, நமஸ்தே வைத்து முடித்துவிட்டார். அதன் பிறகு ஜனங்கள் பேசியதெல்லாம் கேட்டவர் செய்தது சரியா, தப்பா என்பதைப் பற்றித்தான். கேட்ட கேள்விகள் பின்னால் போய்விட்டன.

6. ஒன்றுமே சொல்லாதது

2002-லும் 2006-லும் அதே ஆண்டிபட்டி தேர்ந்தெடுத்தவர் ஜெயலலிதா. 2016 செப்டம்பர் 22-ல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு டிசம்பர் 5-ல் மறைந்தார். எழுபத்தைந்து நாட்கள். எம்.ஜி.ஆருக்காவது படம் வந்தது. இங்கே மருத்துவமனை அறிக்கைகள்தான், ஒரு போட்டோகூட அப்போது வெளியாகவில்லை. பதில் இல்லாத இடத்தில் வதந்தி குடியேறியது. அந்தச் சந்தேகங்களை விசாரிக்கவே 2017-ல் ஆறுமுகசாமி ஆணையம் அமைக்க வேண்டி வந்தது.

எல்லாவற்றையும் கேட்கலாமா?

கூடாது. பதில் எதுவானாலும் அவர் பதவியில் செய்யும் வேலை மாறாது என்றால் அது கேள்வியே இல்லை, வெறும் வம்பு. காமராஜர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைத் தியாகம் என்றோம். ஒரு பெண் தலைவர் கல்யாணம் செய்துகொள்ளாவிட்டால் மட்டும் டீக்கடையில் கதை கட்டுகிறோம். இந்த மாதிரிக் கேள்விக்கு ஒருவர் பதில் சொல்ல மறுத்தால் அது தந்திரம் இல்லை, தன்மானம்.

நியாயமான கேள்விகளில் சிலவற்றுக்குச் சட்டமே வழி செய்திருக்கிறது. 2002-ல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பின் பயனாக, ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26-ல் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். சொத்து, கடன், கிரிமினல் வழக்கு, படிப்பு எல்லாம் அதில் இருக்கும். மனைவி அல்லது கணவர் பெயரில் உள்ள சொத்தும் வரும். பொய் சொன்னாலோ மறைத்தாலோ ஆறு மாதம் வரை சிறை உண்டு. தேர்தல் ஆணைய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கவனியுங்கள், உடல்நிலைக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. 1984-க்கும் 2016-க்கும் நடுவே 32 வருஷம் போயும் நாம் அதே இருட்டில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே நண்பர்களே, அடுத்த தடவை ஒரு தலைவரின் பேட்டியைப் பார்க்கும்போது ஒரு நோட்டை எடுங்கள். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் கேட்ட கேள்வி, வலது பக்கம் வந்த பதில். சிரிப்பு, கண்ணீர், பாசம், கோபம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பாருங்கள். தலைவரைப் பிடிக்கிறதா? தாராளமாகப் பிடிக்கட்டும். பிடித்த தலைவருக்கே ஓட்டும் போடுங்கள். ஆனால் வலது பக்கம் காலியாக இருந்தால், அது காலி என்று தெரிந்தே போடுங்கள்.

நம்ம மாணவர் மன்றத் தேர்தலுக்கும் இதே நோட்டுதான்!