இலவசமா? யார் பணம் தருகிறார்கள் என்று முதலில் பாருங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கச் சேர்த்து வைத்த பணம் முழுவதும் கம்ப்யூட்டருக்கே போய்விடும். அதை வீட்டிற்குக் கொண்டு வந்த பின்னர்தான் மற்ற செலவுகள் ஒவ்வொன்றாகத் தலை காட்டும். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் ஆபீஸ் தொகுப்பு, வைரஸ் தடுக்க ஒரு புரோகிராம், போட்டோக்களைத் திருத்த ஒன்று, தமிழில் டைப் செய்ய ஒன்று, பிள்ளைகளின் படிப்புக்குச் சில புத்தகங்கள் எனப் பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு ரூபாய் கூடச் செலவழிக்காமல், சட்டப்படியே பெற முடியும்.

ஆனால் தேடுதல் கட்டத்தில் "இலவசம்" என்று டைப் செய்தால் நல்லதும் கெட்டதும் கலந்தே வருகின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக் கொள்வேன். இதற்கு யார் பணம் தருகிறார்கள்? ஒரு புரோகிராமை எழுத ஆட்கள் வேண்டும். அதை வைத்து வழங்க சர்வர் வேண்டும். அந்தச் செலவை யாரோ ஒருவர் ஏற்கத்தான் செய்கிறார். அவர் யார் என்று தெரிந்துவிட்டால், அந்த இலவசத்தை நம்பலாமா என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் வீட்டுக்குள் தேடுங்கள்

இணையத்திற்குப் போகும் முன், உங்கள் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் 11க்கு நீங்கள் ஏற்கனவே பணம் கொடுத்துவிட்டீர்கள். அதனுடன் வந்திருப்பவற்றையே பலர் மீண்டும் தேடி டவுன்லோட் செய்கிறார்கள்.

* வைரஸ் தடுப்பு: விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பெயரில் மைக்ரோசாப்டின் டிபெண்டர் உள்ளேயே இருக்கிறது. வேறு ஆண்டி வைரஸ் இல்லாவிட்டால் அது தானாகவே இயங்கும். வீட்டு உபயோகத்திற்கு இது போதும்.

* தமிழ் டைப்பிங்: செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லேங்குவேஜ் பிரிவில் தமிழ் மொழியைச் சேர்த்திடுங்கள். "ammaa" என்று அடித்தால் "அம்மா" என வரும் போனெடிக் முறை, தமிழ் 99 முறை இரண்டும் கிடைக்கும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பார் அழுத்தினால் மொழி மாறும்.

* பிடிஎப்: எந்தப் பக்கத்தையும் பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர் பட்டியலில் "மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பிடிஎப்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் பிடிஎப் பைல் தயார். இதற்கெனத் தனி புரோகிராம் தேவையில்லை.

* சுருக்கப்பட்ட பைல்கள்: ஜிப் பைல்களை விண்டோஸே திறக்கும். அப்டேட் செய்யப்பட்ட விண்டோஸ் 11, ரார் பைல்களையும் திறக்கிறது.

இனி இணையத்தில் கிடைக்கும் இலவசங்களைப் பணம் தருபவர் யார் என்பதை வைத்து வகை வகையாகப் பார்ப்போம்.

1. நன்கொடையும் தன்னார்வலர்களும்

இதுதான் சிறந்த வகை. இதில் புரோகிராமின் மூலக் குறியீடு எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கப்படுகிறது. இதனை ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். பின்னணியில் லாப நோக்கமற்ற ஓர் அமைப்பு இருக்கும். நாளைக்குத் திடீரென "இனி காசு கொடு" என்று கேட்கும் வழக்கம் இங்கு மிகக் குறைவு.

ஆபீஸ் வேலைகளுக்கு லிப்ரே ஆபீஸ் தொகுப்பைப் பரிந்துரைக்கிறேன். ஓப்பன் ஆபீஸ் தொகுப்பிலிருந்து 2010ல் பிரிந்து வந்தது இது. ஜெர்மனியில் உள்ள டாக்குமெண்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பு இதனைப் பராமரிக்கிறது. வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட் பைல்களைத் திறந்து திருத்தலாம். ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் முதல் நாளே மாற்றி விடுங்கள். டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று, லோட்/சேவ் பிரிவில் ஜெனரல் என்பதைக் கிளிக் செய்யுங்கள். எப்போதும் வேர்ட் பார்மட்டிலேயே சேவ் ஆகும்படி அமைத்திடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் பள்ளிக்கு அனுப்பும் பைல் ஓடிடி என்ற துணைப் பெயருடன் போகும். ஆசிரியர் திறக்கத் தெரியாமல் திணறுவார். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். மேக்ரோக்கள் நிறைந்த எக்செல் பைல்கள் இதில் சில நேரம் சரியாக இயங்காது. அலுவலகத்திலிருந்து அத்தகைய பைல்களை வீட்டுக்குக் கொண்டு வருபவர்களுக்கு மைக்ரோசாப்ட் ஆபீஸ்தான் வசதி.

வீடியோ, பாட்டு எல்லாவற்றுக்கும் விஎல்சி பிளேயர். பாரிஸ் நகரக் கல்லூரி ஒன்றில் மாணவர்கள் தொடங்கிய திட்டத்திலிருந்து வந்தது இது. 2001ல் ஓப்பன் சோர்ஸ் உரிமத்தின் கீழ் வெளியானது. இன்று வரை விளம்பரம் கிடையாது. போட்டோ திருத்துவதற்கு ஜிம்ப். போட்டோஷாப் பழகியவர்களுக்குச் சில நாட்கள் சிரமமாக இருக்கும். புதிதாகக் கற்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

பழைய கம்ப்யூட்டரை வாங்கியவர்களுக்கும் இந்த வகை கை கொடுக்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 ஏற்காத கம்ப்யூட்டராக இருந்தால், தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு பதிந்து இணையம் பார்க்கவும் கடிதம் எழுதவும் வைத்துக் கொள்ளலாம். உபுண்டுவின் சிடிக்களை 2005 முதல் 2011 வரை தபாலிலேயே இலவசமாக அனுப்பி வந்தார்கள் என்பது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். இப்போது டவுன்லோட் செய்து பென் டிரைவில் ஏற்றிக் கொள்ள வேண்டியதுதான்.

2. அரசின் பணம், அதாவது நம் வரிப் பணம்

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் பிடிஎப் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. என்.சி.இ.ஆர்.டி. நூல்களும் அப்படியே. புத்தகம் கைக்கு வரும் முன்பே பாடத்தைப் படிக்கத் தொடங்கிவிடலாம்.

கல்லூரி மாணவர்கள் என்.பி.டி.இ.எல். தளத்தைப் பார்க்க வேண்டும். 2003ல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து தொடங்கிய திட்டம் இது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகளை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற விரும்பினால் மட்டும் கட்டணம் உண்டு.

தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. இதனுடன், 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்களால் நடத்தப்படும் மதுரைத் திட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சங்க இலக்கியம் முதல் கல்கியின் பொன்னியின் செல்வன் வரை அங்கே படிக்கலாம்.

இங்கு ஒரு சந்தேகம் எழும். புத்தகத்தை இலவசமாகத் தருவது சட்டப்படி சரியா? இந்தியச் சட்டப்படி, ஓர் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை அவர் நூல்களுக்குக் காப்புரிமை உண்டு. கல்கி 1954ல் மறைந்தார். எனவே அந்தக் காலம் 2014 இறுதியோடு முடிந்துவிட்டது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களையும் யாரும் வெளியிடலாம். ஆனால் போன மாதம் வெளியான நாவலை ஸ்கேன் செய்து யாரோ சுற்றுக்கு விட்டால், அது இலவசம் அல்ல. அந்த எழுத்தாளரின் பாக்கெட்டிலிருந்து எடுத்தது.

3. விளம்பரதாரர்களின் பணம்

ஜிமெயில், யூடியூப் போன்றவை இந்த வகை. இங்கு நாம் பணம் தருவதில்லை. நம் கவனத்தையும் நம்மைப் பற்றிய தகவல்களையும் தருகிறோம். பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், நானும் பயன்படுத்துகிறேன். இரண்டு விஷயங்களை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

முதலாவது, சலுகை எப்போது வேண்டுமானாலும் மாறலாம். கூகுள் போட்டோஸ் 2015ல் வந்தபோது, சற்றே தரம் குறைத்த படங்களை அளவின்றி இலவசமாகச் சேமிக்கலாம் என்றது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. அதன் பின் ஏற்றும் படங்கள் எல்லாம், ஜிமெயில், டிரைவ் ஆகியவற்றுக்கும் சேர்த்துத் தரப்படும் 15 ஜிபி இடத்திலிருந்தே கழிக்கப்படுகின்றன. அதற்குள் குடும்பப் படங்களை எல்லாம் அங்கே குவித்து வைத்தவர்கள் என்ன செய்வார்கள்? மாதச் சந்தா கட்டுகிறார்கள். எனவே முக்கியமான படங்களின் நகல் ஒன்று உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கட்டும்.

இரண்டாவது, தகவல் எங்கே போகிறது என்பது. அவாஸ்ட் என்ற புகழ்பெற்ற இலவச ஆண்டி வைரஸைப் பயன்படுத்தியவர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரங்கள், அதன் துணை நிறுவனம் வழியாக விற்கப்பட்டன. 2020ல் அந்தத் துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்தும்படி உத்தரவிட்டது. காவல்காரரை இலவசமாக வைத்துக் கொள்ளும்போது அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நல்லது.

4. பின்னால் பணம் தரப் போவது நீங்கள்

புதிய லேப்டாப்பில் வரும் ஆண்டி வைரஸ், ஆபீஸ் தொகுப்புகள் சில, 30 நாள் போன்ற குறிப்பிட்ட காலத்திற்கு மட்டுமே இயங்கும். இவை ட்ரையல். கெடு முடிந்ததும் "உங்கள் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு இல்லை" என்று சிவப்பு நிறத்தில் பயமுறுத்தும். பயப்படத் தேவையில்லை. செட்டிங்ஸ், ஆப்ஸ் பிரிவில் சென்று அதனை நீக்கிவிட்டால், டிபெண்டர் மீண்டும் பொறுப்பேற்றுக் கொள்ளும். ஆபீஸ் தொகுப்பைப் பொறுத்தவரை, அது பணம் கொடுத்து வாங்கியதா, ட்ரையலா என்பதை பில்லைப் பார்த்து உறுதி செய்து கொண்டு நீக்குங்கள்.

"முதல் மாதம் இலவசம், கார்டு எண் மட்டும் கொடுங்கள்" என்று கேட்கும் ட்ரையல்களில்தான் கவனம் தேவை. ரிசர்வ் வங்கி விதிப்படி, இவ்வாறு தானாகப் பிடிக்கப்படும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள். யுபிஐ வழியாக ஒப்புதல் கொடுத்திருந்தால், அதே ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குச் சென்று ரத்து செய்துவிடலாம்.

5. திருடனின் பணம்

விலை உள்ள புரோகிராமை "கிராக்", "ஆக்டிவேட்டர்" என்று இலவசமாகத் தருபவருக்கு யார் பணம் தருகிறார்கள்? பெரும்பாலும் இங்கேதான் கதை கசக்கிறது. இவற்றை நிறுவும் முன் "ஆண்டி வைரஸை நிறுத்தி வையுங்கள்" என்று ஒரு குறிப்பு இருக்கும். கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே அழைப்பது போன்றது இது. இத்துடன் சேர்ந்து வரும் திருட்டு புரோகிராம்கள், பிரவுசரில் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளை எடுத்து அனுப்பிவிடும். மெயில் கணக்கு போகும். அதன் வழியாக மற்றவையும் போகும். ஓர் ஆபீஸ் தொகுப்பின் விலையை மிச்சப்படுத்தப் போய், வங்கிக் கணக்கையே பணயம் வைப்பதாக முடியும்.

சென்ற ஆண்டு என் அக்கா மகளுக்கு லேப்டாப் வாங்கியபோது, கடைக்காரர் "எல்லா சாப்ட்வேரும் ஏற்றித் தருகிறேன், தனியாக 1,500 ரூபாய்" என்றார். லைசென்ஸ் பில் கிடைக்குமா என்று கேட்டேன். "அதெல்லாம் வராது சார், ஆனால் லைப்டைம் ஓடும்" என்றார். அது எந்த வகை என்று உங்களுக்கே புரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேலே சொன்னவற்றை நானே ஒரு மாலைப் பொழுதில் நிறுவிக் கொடுத்தேன்.

எங்கிருந்து எடுப்பது?

நல்ல புரோகிராமையே கெட்ட இடத்திலிருந்து எடுத்தால் பயனில்லை. 2015ல், சோர்ஸ்போர்ஜ் என்ற பிரபல டவுன்லோட் தளத்தில் கிடைத்த விண்டோஸுக்கான ஜிம்ப் பைலுடன் விளம்பர புரோகிராம்கள் ஒட்ட வைக்கப்பட்டிருந்தது பெரிய சர்ச்சை ஆனது. 2016ல் அத்தளம் கை மாறிய பின் அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. எனவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்.

* தேடல் முடிவுகளில் "ஸ்பான்சர்டு" என்று குறிப்பிட்டவை விளம்பரங்கள். போலித் தளங்கள் இந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்கிய சம்பவங்கள் உண்டு. அவற்றைத் தாண்டிக் கீழே வாருங்கள்.

* தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். விஎல்சியின் தளத்தின் பெயர் வீடியோலேன் டாட் ஆர்க். விஎல்சி என்ற பெயரில் இருப்பதெல்லாம் அவர்களுடையது அல்ல.

* பக்கத்தில் பச்சை நிறத்தில் பெரிதாக மின்னும் டவுன்லோட் பட்டன் பல நேரம் விளம்பரமே. புரோகிராமின் பெயரும் பதிப்பு எண்ணும் அருகில் உள்ளதா என்று பாருங்கள்.

* நிறுவும்போது "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று வேகமாகக் கிளிக் செய்யாதீர்கள். "கஸ்டம்" என்பதைத் தேர்ந்தெடுத்து, கூடவே வரும் டூல்பார், பிரவுசர் ஆகியவற்றின் எதிரே உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

* விண்டோஸ் அனுமதி கேட்கும் கட்டத்தில் தயாரிப்பாளர் பெயர் தெரியும். லிப்ரே ஆபீஸ் எனில் டாக்குமெண்ட் பவுண்டேஷன் என்று இருக்க வேண்டும். வேறு பெயர் வந்தால் "நோ" கொடுத்து வெளியேறுங்கள்.

நிறுவியவற்றின் பெயர், எடுத்த தளம், தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை எப்போதாவது பார்மட் செய்ய நேர்ந்தால், எதை எங்கிருந்து எடுப்பது என்று மீண்டும் தேடி அலைய வேண்டியிருக்காது.