கண் டாக்டர் செனட்டரின் வரவு செலவு

டீயைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். விஷயம் கொஞ்சம் சுற்றிப் போகும்.

2025-இல் டிரம்ப் உலக நாடுகள் மேல் இறக்குமதி வரி போட்டபோது, அதை எதிர்த்துச் செனட்டில் சளைக்காமல் பேசியவர்களில் ஒருவர் அவருடைய கட்சிக்காரரே. கென்டக்கி மாநிலத்து ரேண்ட் பால். தொழில் கண் மருத்துவம். அரசு செலவைக் குறை என்று கிளம்பிய ‘டீ பார்ட்டி’ அலையில் 2010-இல் ஜெயித்து வந்தவர். அந்த அலையின் பெயரில் இருக்கும் டீ, 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட டீ. நாங்கள் தேர்ந்தெடுக்காத பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எங்கள்மீது எப்படி வரி போடலாம் என்பது அன்றைய கோபம். ரேண்ட் பாலின் இன்றைய வாதமும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். செலவு என்று வந்தால் கறார் வலதுசாரி. வணிகம் என்று வந்தால் ஜனநாயகக் கட்சியோடு கைகோப்பவர். எனக்கென்னவோ இரண்டும் ஒரே கணக்கு நோட்டின் எதிரெதிர்ப் பக்கங்களாகத்தான் படுகின்றன.

முதலில் வரி. இறக்குமதி வரியை வெளிநாட்டுக்காரன் கட்டுகிறான் என்று பலர் நினைக்கிறார்கள். சரக்கு அமெரிக்காவில் இறங்கும்போது சுங்கத்தில் பணம் கட்டுவது அதை வரவழைத்த அமெரிக்க நிறுவனம். ஏற்றுமதி செய்தவர் விலையைக் குறைத்துக் கொஞ்சம் சுமை ஏற்கலாம். மிச்சம் அந்த நிறுவனத்தின் லாபத்திலிருந்தோ வாங்குபவரின் பையிலிருந்தோதான் போகும். அதனால் ரேண்ட் பாலுக்கு இது அமெரிக்கர்மீது விழும் வரி, அவ்வளவுதான். வரி என்றால் அதை விதிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு உரியது. அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு, எட்டாவது உட்பிரிவு அப்படித்தான் சொல்கிறது. டிரம்போ 1977-இல் வந்த ஓர் அவசரகாலப் பொருளாதாரச் சட்டத்தைக் கையில் எடுத்தார். அந்தச் சட்டத்தில் இறக்குமதி வரி என்ற பேச்சே இல்லை. அவருக்கு முன் எந்த அதிபரும் வரி போட அதைப் பயன்படுத்தியதுமில்லை.

2025 ஏப்ரல் 2 அன்று டிரம்ப் உலக நாடுகளுக்கான வரிப் பட்டியலை அறிவித்தார். அதே நாளில் கனடா மீதான வரிக்கு ஆதாரமாகக் காட்டிய ‘அவசரநிலை’யை ரத்து செய்யும் தீர்மானம் செனட்டில் 51-48 என்று நிறைவேறியது. ஆதரித்த குடியரசுக் கட்சியினர் நால்வரில் ரேண்ட் பாலும் ஒருவர். கீழவை அதை எடுக்கவே இல்லை. மாதக் கடைசியில் உலக வரிகளுக்கு எதிரான தீர்மானம் வந்தது. 49-49 என்று சமன், அதனால் தோல்வி. ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி வந்து திருப்பூர் பின்னலாடைக்காரர்கள் தலையில் கைவைத்தார்களே, அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டம். அதற்கும் அதே 1977 சட்டம்தான். அதிபரின் ஒரு கையெழுத்து போதுமாக இருந்தது, விவாதம் தேவைப்படவில்லை. ரேண்ட் பால் குறை சொன்னது இந்த வசதியைத்தான்.

உள்ளூர்க் காரணமும் இல்லாமல் இல்லை. உலகின் போர்பன் விஸ்கியில் ஏறத்தாழ 95 சதவீதம் கென்டக்கியில் வடிக்கப்படுகிறது. 2025 மார்ச்சில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், தன் அரசு மதுக்கடைகளிலிருந்து அமெரிக்கச் சரக்கையே எடுத்துவிட்டது. கொள்கைக்காகப் பேசும் அரசியல்வாதிக்குத் தொகுதியின் நலனும் சேர்ந்து வாய்த்தால் அதிர்ஷ்டம்தான்.

தன் கட்சியினருக்கு அவர் பழைய தோல்விகளையும் நினைவூட்டினார். 1890-இல் அந்தக் கட்சியின் மெக்கின்லி கொண்டுவந்த வரிச் சட்டத்துக்குப் பின் நடந்த தேர்தலில் கட்சி கீழவையில் பாதி இடங்களை இழந்தது, மெக்கின்லியே தோற்றார். 1930-இல் அதே கட்சியின் ஸ்மூட், ஹாலி இருவரும் கொண்டுவந்த வரியை எதிர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் மனு கொடுத்தார்கள். யாரும் கேட்கவில்லை. 1932-இல் இருவருமே பதவி இழந்தார்கள்.

சரி, ‘வணிகப் பற்றாக்குறை’ என்று டிரம்ப் அஞ்சுகிறாரே, அது நிஜமா? தினமும் நான் டீக்கடையில் பணம் கொடுக்கிறேன். கடைக்காரர் என்னிடம் எதுவும் வாங்கியதில்லை. அவரோடு எனக்கு ஆயுள் முழுக்கப் பற்றாக்குறைதான்; ஆனால் நான் ஏமாறவில்லை, டீ குடித்திருக்கிறேன். ரேண்ட் பாலின் நிலைப்பாடு ஏறக்குறைய இதுவே. பாதி சரி. மீதிப் பாதியில்தான் சுவாரசியம் இருக்கிறது.

வெளியே போன டாலர் வெளியிலேயே கிடப்பதில்லை. அமெரிக்கப் பங்குகளாக, கட்டடங்களாக, முக்கியமாக அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களாக அது திரும்பி வருகிறது. அரசு வரவுக்கு மேல் செலவழித்துப் பத்திரம் விற்றுக்கொண்டே இருந்தால், உள்நாட்டுச் சேமிப்பு அதற்குப் போதாமல் வெளிநாட்டுப் பணம் வந்து வாங்குகிறது. அந்த வரவின் மறுபக்கம்தான் வணிகப் பற்றாக்குறை. பட்ஜெட்டில் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டே வணிகப் பற்றாக்குறையை வரியால் அடைப்பேன் என்பது எனக்கு விளங்கவில்லை.

இப்போது அந்த ஓட்டையைப் பாருங்கள். 2024 நிதியாண்டில் அமெரிக்க மத்திய அரசின் செலவு ஏறக்குறைய 6.8 லட்சம் கோடி டாலர், வருவாய் 4.9 லட்சம் கோடி. முதியோருக்கான சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்ட், ராணுவம், வட்டி ஆகிய ஐந்துமே மொத்தச் செலவில் பத்துக்கு ஏழு பங்கு. இங்கேதான் ரேண்ட் பாலோடு எனக்குச் சண்டை. ஒவ்வொரு டிசம்பரிலும் அவர் ‘ஃபெஸ்டிவஸ்’ என்று ஒரு வீண்செலவுப் பட்டியல் வெளியிடுவார். பெயர், ‘சைன்ஃபெல்ட்’ தொலைக்காட்சித் தொடரில் குறைகளைக் கொட்டித் தீர்ப்பதற்கென்றே வரும் வேடிக்கைப் பண்டிகையுடையது. விசித்திரமான ஆராய்ச்சி மானியங்கள் நிறைய இருக்கும், படிக்கச் சிரிப்பு வரும். 2024 பட்டியலின் மொத்தம் ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் அதில் மிகப்பெரிய பங்கு வட்டி! விசித்திர மானியங்களை எல்லாம் நிறுத்தினாலும் பற்றாக்குறையின் ஓரம்கூட நனையாது.

அவருக்கு இது தெரியாததில்லை. அதற்குத்தான் ‘பென்னி பிளான்’ வைத்திருக்கிறார்: சோஷியல் செக்யூரிட்டி நீங்கலாக, செலவாகும் ஒவ்வொரு டாலரிலும் ஒரு சென்ட் வெட்டு. கடன் ஏற ஏற அது ஆறு சென்ட் ஆகிவிட்டது. 2018-இல் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது கால்வாசிப் பேர்கூட ஆதரிக்கவில்லை. மேடையில் செலவுக் குறைப்பு பேசும் அவருடைய கட்சிக்காரர்களே பாதிப்பேருக்கு மேல் நழுவிவிட்டார்கள்.

2025 ஜூலை 1 அன்று டிரம்பின் பெரிய வரிச்சலுகை மசோதா வந்தது. கடன் உச்சவரம்பை 5 லட்சம் கோடி டாலர் உயர்த்தும் பகுதி அதில் இருந்ததால் ரேண்ட் பால் எதிர்த்து வாக்களித்தார். 50-50 ஆகி, துணை அதிபர் வான்ஸின் வாக்கில் தப்பியது. (இதற்கு முந்தைய மாதம் வெள்ளை மாளிகைப் பிக்னிக்குக்கு உனக்கு அழைப்பில்லை என்று சொல்லிவிட்டார்களாம், மறுநாள் டிரம்ப், வரலாமே என்றார்.) துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உச்சவரம்புப் பகுதியை எடுத்துவிட்டால் ஆதரிப்பேன் என்றும் சொன்னாரே! வரிச்சலுகையாலும் கடன் ஏறும். 2017-இல் வந்த முந்தைய வரிச்சலுகைக்கு அவர் ஆதரவாகவே வாக்களித்தார். வருவாயைக் குறைப்பது அவர் நோட்டில் பற்றாக எழுதப்படுவதே இல்லை.

இறக்குமதி வரியில் கொட்டும் பணம் ஓட்டையை அடைத்துவிடும் என்று அவருடைய கட்சியில் சிலர் பதில் சொன்னார்கள். 2025 நிதியாண்டில் சுங்க வருவாய் ஏறத்தாழ 19,500 கோடி டாலர். அதே ஆண்டின் பற்றாக்குறை 1.8 லட்சம் கோடி. கடனுக்குக் கட்டிய வட்டி மட்டுமே ஒரு லட்சம் கோடியை நெருங்கிவிட்டது.