பனி பெய்த அன்னையர் தினம்
கேட்டவர்கள் – 11

போன வாரம் பீட்டில்ஸ் ரசிகைகளின் கூச்சலைப் பார்த்தோம். மேடையில் இருப்பவர்களுக்கே பாட்டு கேட்காத அளவுக்குக் கத்தியவர்கள். இந்த வாரம் வருகிறவர்கள் நேர் எதிர். பக்கத்தில் நிற்பவன் விசிலடித்தால் முறைப்பார்கள். கையில் நீளமாக ஒரு கம்பு, கம்பின் உச்சியில் மைக், காலடியில் சுழன்றுகொண்டிருக்கும் காசெட். கலிபோர்னியாவின் கிரேட்ஃபுல் டெட் குழுவுக்கு வாய்த்த ரசிகர்களை ‘டெட்ஹெட்’ என்பார்கள். அவர்களிலும் பித்து முற்றிய இந்தப் பிரிவுக்கு ‘டேப்பர்’ என்று பெயர்.

டெட்ஹெட் ஒருவரிடம் போய், “அவங்க ஆல்பத்துல எது பெஸ்ட்?” என்று கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார். அந்த ஊரில் ஆல்பம் செல்லாது, தேதிதான் செல்லும். 1965-ல் தொடங்கி, 1995-ல் ஜெர்ரி கார்சியா இறக்கும்வரை சுமார் 2,300 கச்சேரிகள். நேற்று வாசித்ததுபோல இன்று வாசிக்க மாட்டார்கள். ஆறு நிமிடப் பாட்டு ஒருநாள் இருபது நிமிடம் ஓடும், இன்னொரு நாள் பாதியிலேயே தடுமாறி வேறொரு பாட்டுக்குள் விழும். அதனால் ரசிகனுக்கு எந்த ஊர், எந்த இரவு என்பதுதான் முக்கியம். “அந்த வருஷத்துத் தோடி அப்புறம் அவருக்கு வரவே இல்ல” என்று சபா கேன்டீனில் ரவா தோசையை ஆறவிட்டுச் சண்டை போடும் மாமாக்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

அந்தச் சண்டைகளில் திரும்பத் திரும்ப வரும் தேதி ஒன்று உண்டு. 1977 மே 8. நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா ஊர், கார்னெல் பல்கலைக்கழகம், பார்ட்டன் ஹால். ராணுவப் பயிற்சிக்காகக் கட்டப்பட்டு, பிறகு ஓட்டப்பந்தயத்துக்கும் கூடைப்பந்துக்கும் பயன்பட்ட பெரிய கொட்டகை அது. எதிரொலிக்குப் பேர்போன இடம். இசைக்கென்று யாரும் தேடிப்போய்ப் பிடிக்கிற மண்டபமில்லை.

அன்று அமெரிக்காவில் அன்னையர் தினம். மே மாதம் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தும் அந்த இரவு பனி பெய்தது. அங்கே இருந்தவர்களைப் பேசவிட்டால் பலரும் முதலில் எடுப்பது இந்தப் பனியைத்தான், பாட்டு அப்புறம்தான் வருகிறது. வெளியே வந்தோம், தரையெல்லாம் வெள்ளையாக இருந்தது என்கிறார்கள். நாற்பது வருடம் கழித்தும் அவர்கள் நினைவில் கால்தான் சில்லிடுகிறது.

பாட்டு நினைவிருப்பது யாருக்கு என்றால், அன்று அங்கே இல்லாதவர்களுக்கு. இரண்டாம் பாதி தொடங்கும் முன் முன்வரிசையில் ஆட்கள் நசுங்குகிறார்கள், எல்லோரும் ஓரடி பின்னால் போங்கள் என்று கிடாரிஸ்ட் பாப் வீர் விளையாட்டாகச் சொல்வதைக்கூட அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதைத் தொடர்ந்து ‘ஸ்கார்லெட் பெகோனியாஸ்’, அதிலிருந்து தையல் தெரியாமல் ‘ஃபயர் ஆன் த மவுன்டன்’, இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 26 நிமிடம். கடைசிப் பகுதியில் ‘மார்னிங் டியூ’. அணுகுண்டுக்குப் பிந்தைய உலகை நினைத்து கனடாவின் போனி டாப்சன் எழுதிய பாட்டு அது. கார்சியாவின் கிடார் அதில் முணுமுணுப்பாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஏறி, கொட்டகையின் கூரையையே தூக்கிவிடும். (மேடையில் இரண்டு டிரம்மர்கள். ஒருவரான மிக்கி ஹார்ட், பின்னாளில் ஜாகிர் ஹுசேனின் தபலாவையும் நம் விக்கு விநாயக்ராமின் கடத்தையும் சேர்த்து ‘பிளானட் டிரம்’ செய்தவர். உலக இசைக்கான முதல் கிராமி அதற்குத்தான் போனது.)

சரி, 2,300 இரவுகளில் இந்த ஒன்று மட்டும் எப்படி மேலே வந்தது? வாசிப்பு நன்றாக இருந்தது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதிக்குப் பெயர் பெட்டி கேன்டர்-ஜாக்ஸன்.

ராக் மேடைகளில் ஒலிப் பலகை ஆண்களின் கோட்டையாக இருந்த காலத்தில் அதில் கை வைத்த பெண் அவர். ஒலிப் பலகையிலிருந்து நேராக எடுக்கும் டேப்பில் பெரும்பாலும் ஒரு குறை இருக்கும். அரங்கத்துக்காகச் செய்த கலவை அது. மேடையிலேயே சத்தமாக ஒலிக்கும் கிடார் அதில் பின்னால் போய்விடும், குரல் மட்டும் தனியாக நிற்கும். பெட்டி அரங்கத்துக்கான கலவையை நம்பவில்லை. டேப்புக்கென்றே தனியாகக் கலந்தார். ஃபில் லெஷின் பேஸ் கிடார் ஒவ்வொரு விரல் பதிவும் தெரியும்படி வந்தது. கேட்பவர் அரங்கத்தின் பின்வரிசையில் அல்ல, கார்சியாவுக்கும் லெஷுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

ஆனால் அந்தச் சுருள்கள் ரசிகனிடம் வந்த கதை சோகமானது. குழுவிலிருந்து விலகிய பெட்டி, கைக்காசு தீர்ந்து, வாடகைக் கிடங்கு ஒன்றில் பொருட்களைப் போட்டுவைத்தார். வாடகை பாக்கி ஏறியது. 1986-ல் கிடங்குக்காரர்கள் எல்லாவற்றையும் ஏலம் விட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுருள்கள். வாங்கியவர்கள் சிலருக்கு என்ன வாங்கினோம் என்றே தெரியாது. சில சுருள்கள் ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. சில டேப்பர்கள் கைக்கு வந்தன. ‘பெட்டி போர்ட்ஸ்’ என்று நாடெங்கும் நகல்கள் பரவின. ரசிகர்கள் கொண்டாடிய நேரத்தில் அந்தப் பெண்மணிக்கு அதிலிருந்து ஒரு டாலர்கூடப் போகவில்லை. இதைச் சொல்லாமல் கார்னெல் பெருமை பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

பரவிய விதமும் தனி. காசு வாங்கக்கூடாது, அது எழுதாத சட்டம். வெற்றுக் காசெட்டும் திருப்பி அனுப்பத் தபால்தலையும் கொடுத்தால் போதும், முகம் தெரியாத ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து நகலெடுத்து அனுப்புவார். இப்படிக் காசெட் மாற்றிக்கொள்பவர்களுக்காக 1974-ல் தொடங்கிய சிறு பத்திரிகைதான் இன்றைய ‘ரிலிக்ஸ்’. நகலின் நகலை ‘இரண்டாம் தலைமுறை’, ‘மூன்றாம் தலைமுறை’ என்பார்கள். தலைமுறை ஏற ஏற இரைச்சல் ஏறும். குழுவும் இதைத் தடுக்கவில்லை. மைக் கம்புகள் காடாக வளர்ந்து ஒலிப் பொறியாளருக்கு மேடையே தெரியாமல் போனபோதுகூட விரட்டவில்லை. 1984 அக்டோபரில் பெர்க்லியில் தொடங்கி, ஒலிப் பலகைக்குப் பின்னால் டேப்பர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கி டிக்கெட் விற்றார்கள். தட்டு விற்பனை படுத்துவிடும் என்று கம்பெனிகள் பயந்த காலத்தில், இலவச நகல்களே இவர்களுக்கு ஊர் ஊராகக் கூட்டம் சேர்த்தன.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2012-ல் கார்னெல் பதிவைப் பாதுகாக்க வேண்டிய தேசிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. 2017-ல் அதிகாரபூர்வ ஆல்பமும் வந்தது. பஞ்சாயத்து அதோடு முடியும் என்று நினைத்தால் ஏமாந்தோம். ஒரு கட்சி, 1972 ஆகஸ்டில் ஆரிகன் மாநில வெயிலில் வாசித்ததற்கு முன்னால் இது தூசு என்கிறது. இன்னொரு கட்சி 1970 பிப்ரவரியின் ஃபில்மோர் ஈஸ்ட் இரவுகளை விட்டு நகராது. அப்படி ஒரு கச்சேரி நடக்கவே இல்லை, எல்லாம் சி.ஐ.ஏ. செய்த வேலை என்று கிண்டலடிக்கும் கோஷ்டியும் உண்டு.

எனக்குப் பிடித்த கட்சி சின்னது. கார்னெலுக்கு மறுநாள், மே 9, பஃபலோ நகரம். எடுத்த எடுப்பில் ‘ஹெல்ப் ஆன் த வே’, அதிலிருந்து ‘ஸ்லிப்நாட்’, அதிலிருந்து ‘ஃபிராங்க்ளின்ஸ் டவர்’. பனியில்லை, புராணமில்லை, வாசிப்பு மட்டும். கார்னெலைவிட இதுதான் உசத்தி என்று பல வருடங்களாக வாதாடுகிறேன். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் போன மாதம் மடக்கினார்: “உங்களுக்கு எது முதல்ல கைக்கு வந்துச்சு, சார்?”

பஃபலோதான்.