குறுகிய காலப் பயிற்சியும் மனநல ஆலோசனையும்

மனத்துயருற்றோருக்கு ஆலோசனை கூறும் தொழிலுக்குச் சில வாரப் பயிற்சியும் ஒரு சான்றிதழுமே போதுமென்ற நம்பிக்கை பரவிவரும் இக்காலத்தில், அது முற்றிலும் தவறென்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் அந்த நம்பிக்கைக்கும் பிரத்தியட்சமான ஆதாரம் உண்டு.

மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே இருந்த ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரில், டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய ‘நட்பு பெஞ்சு’ திட்டத்தில், சுகாதார நிலையத்தின் வெளியே மர பெஞ்சில் அமர்ந்து துயரக் கதைகளைக் கேட்டவர்கள், சில நாட்களே பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பாட்டிமார்கள்; வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிட அவர்களிடம் வந்தவர்களுக்கு மனச்சோர்வு வெகுவாகக் குறைந்ததென்று, 573 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2016-இல் தெரிவித்தது. கோவாவில் சங்காத் என்னும் ஸ்தாபனமும் சாதாரண மக்களைப் பயிற்றுவித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதையொத்த பலனைக் கண்டது.

இவற்றைச் சான்றாகக் காட்டி வாரக்கடைசி வகுப்புகளுக்கு ஆள் சேர்ப்பவர்கள், பாட்டிமார்கள் கையாண்டது பிரச்சினைகளை வரிசைப்படுத்தித் தீர்வு காணும் ஒரே முறையைத்தான் என்பதையும், தற்கொலை எண்ணம் தென்பட்டால் உடனே மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்தார்கள் என்பதையும், கோவாவில் உரையாடல்கள் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, சக ஆலோசகர்கள் கூடிக் கேட்டுக் குறைநிறைகளைப் பேசினார்கள் என்பதையும் சொல்வதில்லை. பயிற்சி குறுகியதாயிருந்தது, கண்காணிப்போ ஒருநாளும் நிற்கவில்லை.

தனியே பலகை மாட்டிக்கொண்டு, வருகிற எவருக்கும் சிகிச்சை தருவேனென்று உட்காருபவரின் நிலை இதற்கு நேர்மாறானது. சோர்ந்து வந்திருப்பவருக்குத் தைராய்டு சுரப்பி குறைவாக வேலை செய்கிறதா, சில மாதங்களுக்குமுன் உறக்கமே இல்லாமல், தலைகால் புரியாத உற்சாகத்தோடு பணத்தை வாரியிறைத்துத் திரிந்தவரா, மதுவை நிறுத்தியதால் நடுங்குகிறாரா என்றெல்லாம் கேட்கத் தோன்றுவதற்கே, பலவகை நோயாளிகளை அனுபவசாலி ஒருவரின் பக்கத்திலிருந்து நெடுநாள் பார்த்திருக்க வேண்டும். நம் நாட்டில் மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெற, முதுகலைப் பட்டத்துக்குமேல் இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பு வழக்கமாக இருந்துவந்ததும், அதன் பெரும்பகுதி மருத்துவமனையிலேயே கழிந்ததும் இக்காரணத்தால்தான். அது வீண் சம்பிரதாயம் என்பாரோடு நான் சிறிதும் உடன்படேன்.

1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் மருத்துவ உளவியலாளரைப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. ‘கவுன்சலர்’ என்ற பெயரையோ நெடுங்காலம் யார் வேண்டுமானாலும் சூட்டிக்கொள்ள முடிந்தது. 2021-இல் இயற்றப்பட்ட துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஆலோசகர்களையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. அதன்படி நியமங்கள் வகுப்போர், வகுப்பறை மணிநேரங்களை எண்ணுவதோடு நில்லாமல், மேற்பார்வையில் செய்த பணியையும், தொழிலுக்கு வந்தபின் தொடரவேண்டிய மேற்பார்வையையும் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, ஆலோசகரை நாடுகிறவர், அந்த ஆலோசகரின் பணியை யார் மேற்பார்வையிடுகிறார்கள், எந்த நிலையில் மனநல மருத்துவரிடம் அனுப்புவார் என்ற இரண்டு கேள்விகளைச் சங்கோசமின்றிக் கேட்கலாம்.