விழுப்புரம் ஜங்ஷன் வரலாற்றை யார் எழுதுறாங்க? விக்கிப்பீடியாவின் 'ரயில் பைத்தியங்கள்'!

திருவக்கரைக்குப் போகணும்னா எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்?

பௌர்ணமிக்கு வக்ரகாளியம்மனைக் கும்பிட வருபவர்களும், கல்மரப் பூங்காவைச் சுற்றிப் பார்க்க வருபவர்களும் போனில் தேடும் கேள்வி இது. ஊருக்குள் ரயில் கிடையாது. ஒரு பக்கம் சென்னை - விழுப்புரம் பாதை, அதில் மயிலம், பேரணி ஸ்டேஷன்கள். தெற்கே விழுப்புரம் - புதுச்சேரி பாதை, அதில் சின்னபாபுசமுத்திரம். ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஊர். மேப்பில் அளந்தால் சின்ன ஸ்டேஷன்தான் பக்கம். எக்ஸ்பிரஸ் நிக்கணும், இறங்கினதும் பஸ் கிடைக்கணும்னா திண்டிவனமோ விழுப்புரமோதான் சரி.

அப்போ, விக்கிப்பீடியாவில் இப்படி ஒரு ஊரின் பக்கத்தில் 'அருகிலுள்ள ரயில் நிலையம்' என்ற இடத்தில் எதை எழுதுவது? தூரத்தை வைத்தா, வசதியை வைத்தா? இதை முடிவு பண்ண சம்பளத்துக்கு ஆள் யாரும் இல்லை. எங்கேயோ இருக்கும் ரெண்டு மூணு பேர், ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள், ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு லேப்டாப்பில் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுவார்கள். நாம ஒரு நொடியில் படித்துவிட்டு நகர்ந்துவிடுவோம்.

கூகுளில் ஊர்ப் பெயரைத் தட்டினால் ஓரத்தில் வரும் பெட்டி, ஏஐ சாட்பாட் சொல்லும் பதில் என எத்தனையோ இடத்துக்கு இவர்கள் எழுதுவதுதான் போய்ச் சேருகிறது. அதனால் இவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நமக்கு நல்லது.

ஒரு பக்கம், பல கைகள்

விக்கிப்பீடியா 2001-ல் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் வந்தது. அதற்கு அடித்தளம் போட்டவர் இலங்கைத் தமிழரான கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். இன்று அதில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் இருக்கின்றன. எழுதுபவர்களும் சரி, தப்பைத் திருத்தும் நிர்வாகிகளும் சரி, எல்லோரும் தன்னார்வலர்கள்தான்.

ரயில் கட்டுரைகளுக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. ஒருத்தரே முழுசாக எழுதி முடிப்பது அபூர்வம். ஒருவர் பிளாட்பாரத்தில் நின்று மஞ்சள் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துப் போடுவார். அதில் ஊர்ப் பெயர் மூன்று மொழியில் இருக்கும், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற கணக்கும் இருக்கும். இன்னொருவர் ஸ்டேஷன் கோடு சேர்ப்பார். விழுப்புரத்துக்கு விஎம், திண்டிவனத்துக்கு டிஎம்வி. மூன்றாவது ஆள் பழைய புத்தகத்தில் இருந்து திறப்பு விழா ஆண்டைத் தேடிப் பிடிப்பார். நாலாவது ஆள் வந்து எழுத்துப்பிழை மட்டும் திருத்திவிட்டுப் போவார்.

பக்கத்தின் ஓரத்தில் சிவப்புக் கோட்டில் புள்ளி புள்ளியாக ஒரு ரயில் பாதை வரைபடம் பார்த்திருப்பீர்கள். அது ஒரே படம் இல்லை. நேர்கோடு, வளைவு, பாலம், சுரங்கம், ஜங்ஷன் என ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஐகான்களை ஓடு பதிப்பது போல அடுக்கிச் செய்வது. ஜெர்மன் விக்கிப்பீடியாவின் ரயில் ரசிகர்கள் ஆரம்பித்த முறை. இப்போது உலகம் முழுக்கப் பயன்படுகிறது. சென்னை, புதுச்சேரி, மயிலாடுதுறை, திருச்சி, காட்பாடி என ஐந்து திசைக்குப் பாதை பிரியும் விழுப்புரத்தை இப்படி வரைவதற்குள் கண் வலித்துவிடும்!

'முதல்' என்ற வார்த்தைக்கு வரும் சண்டை

'இந்தியாவின் முதல் ரயில் எது?' ஸ்கூல் புத்தகம் படித்த எல்லோரும் சொல்வோம்: 1853 ஏப்ரல் 16, பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணே வரை.

ஆனால், 1837-லேயே சென்னையில் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை ரயில் பாதை போட்டு, ரோடு போடும் வேலைக்குக் கல் ஏற்றிப் போயிருக்கிறார்கள். நீராவி இன்ஜினும் அதில் ஓடியது. பாதை அமைத்தவர் பின்னாளில் கோதாவரி அணையால் பெயர் பெற்ற ஆர்தர் காட்டன்.

அப்போ 1853 தப்பா? இல்லை. 'முதல் பயணிகள் ரயில்' என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்தால் ரெண்டும் சரி. ராயபுரத்துக்கும் இதே கதைதான். 1856-ல் திறந்த அந்த ஸ்டேஷனை 'இந்தியாவின் முதல் ஸ்டேஷன்' என்று எழுதினால் உடனே யாராவது அழித்துவிடுவார்கள். 'இன்றும் நிற்கும் ஸ்டேஷன் கட்டடங்களில் மிகப் பழையது' என்றால் நிற்கும். போரிபந்தரிலும் தாணேயிலும் முதலில் இருந்த கட்டடங்கள் இப்போது இல்லையே!

இந்த வாதமெல்லாம் எங்கே நடக்கிறது? ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னாலும் 'பேச்சு' என்று ஒரு பக்கம் இருக்கிறது. பெரிய பஞ்சாயத்து என்றால் எல்லோரும் கூடும் பொது இடத்துக்குப் போவார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் அந்த இடத்தின் பெயர் 'ஆலமரத்தடி'. நம்ம ஊர் மாதிரியே!

ஒருத்தர் எழுத, இன்னொருத்தர் அழிக்க, திரும்ப முதல் ஆள் எழுத என்று மல்லுக்கட்டினால் அதற்கும் கடிவாளம் உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் அடுத்தவர் திருத்தத்தை மாற்றினால் தடை விழலாம். நீங்கள் ஒரு கமாவை மாற்றினாலும் எந்தப் பயனர், எத்தனை மணிக்கு மாற்றினார் என்று 'வரலாறு' பக்கத்தில் பதிவாகிவிடும்.

ரயிலா, தொடருந்தா, புகையிரதமா?

தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இது. நாம 'ரயில்' என்கிறோம். சிலர் 'இரயில்' என்று எழுதுவார்கள். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் 'தொடர்வண்டி'. யாழ்ப்பாணத்தில் கேட்டால் 'புகையிரதம்'. தமிழ் விக்கிப்பீடியாவின் பல தலைப்புகளில் 'தொடருந்து நிலையம்' என்று பார்க்கலாம்.

திண்டிவனத்துப் பையனும் யாழ்ப்பாணத்து அக்காவும் கனடாவில் இருக்கும் ஒரு தாத்தாவும் ஒரே கட்டுரையில் கை வைக்கும்போது யார் சொல் ஜெயிக்கும்? இங்கே கைகொடுப்பது 'வழிமாற்று'. தலைப்பு ஒன்றுதான் இருக்கும். ஆனால், மற்ற பெயர்களில் தேடினாலும் அதே பக்கத்துக்குக் கூட்டிப்போகும்.

மொழி வேறு விதத்திலும் உதவும். விழுப்புரம் - புதுச்சேரி பாதை 1879-ல் திறந்தது. ஒரு முனை பிரிட்டிஷ் இந்தியா, மறுமுனை பிரெஞ்சு ஆட்சி. அதன் வரலாற்றைத் தோண்டணும்னா ஆங்கில ஆவணம் மட்டும் போதாது. பிரெஞ்சு தெரிந்த ஒருத்தர் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் 'காலிகா' இணையதளத்தில் தேடிக் கொடுத்தால் கட்டுரையின் தரமே மாறிவிடும்.

எண்ணுக்குப் பின்னால் உயிர்கள்

'ஒரு வருஷம் முன்னபின்ன இருந்தா என்ன? இதுக்கெல்லாமா சண்டை?' என்று தோணலாம். அரியலூரைப் பாருங்கள்.

1956 நவம்பர் 23. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ், அரியலூர் பக்கம் மருதையாற்று வெள்ளத்தில் விழுந்தது. விழுப்புரத்தைத் தாண்டி கார்டு லைனில் போன ரயில் அது. இறந்தவர்கள் எத்தனை பேர்? ஒரு இடத்தில் 142 என்று இருக்கும். வேறு இடங்களில் 150-ஐத் தாண்டும். விக்கிப்பீடியாவில் எழுதுபவர் தனக்குப் பிடித்த எண்ணைப் போட முடியாது. எந்த ஆதாரம் எவ்வளவு சொல்கிறது என்று ரெண்டையும் காட்டணும். ஏனென்றால், அந்த வித்தியாசத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது.

இதே விபத்தில் இன்னொரு விஷயம். 'அரியலூர் விபத்துக்காக ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார்' என்று ஃபார்வர்டு மெசேஜ்களில் படித்திருப்போம். அது உண்மைதான். ஆனால், அதே ஆண்டு மகபூப்நகர் விபத்துக்குப் பிறகே அவர் ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு கொடுத்ததைத்தான் ஏற்றார். மெசேஜில் விட்டுப்போன இந்த ஒரு வரியைத் தேடிச் சேர்ப்பதுதான் இந்தத் தன்னார்வலர்களின் வேலை.

தாத்தா சொன்னது ஆதாரம் ஆகுமா?

இங்கேதான் நம்ம பக்கத்து ஊர்களுக்குப் பெரிய இழப்பு நடந்துகொண்டிருக்கிறது.

விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில் மீட்டர் கேஜ் காலத்தில் வேலை பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேங்மேன், கீமேன், பாயின்ட்ஸ்மேன், ஸ்டேஷன் மாஸ்டர் என்று. ஒற்றைப் பாதையில் ஓடும் ரயிலுக்குப் பிரம்பு வளையத்தில் டோக்கன் மாட்டிக் கை நீட்டிக் கொடுத்தவர்கள். தாம்பரம் - விழுப்புரம் மீட்டர் கேஜ் பாதையில் 1960-களில் மின்சாரம் வந்தபோது, ஜப்பானில் தயாரான எலெக்ட்ரிக் இன்ஜின் ஓடியதைப் பார்த்தவர்கள். 1992-ல் 'எல்லாப் பாதையும் ஒரே அகலம்' என்ற திட்டம் தொடங்கிய பிறகு, 1,000 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் படிப்படியாக 1,676 மில்லிமீட்டர் ஆனது. அந்த உலகம் அப்படியே மறைந்துவிட்டது.

அவர்கள் சொல்வதை நேராக விக்கிப்பீடியாவில் எழுதலாமா? கூடாது. எழுதுவது எதுவாக இருந்தாலும் ஏற்கெனவே வெளியான ஒன்றில் சரிபார்க்க முடியணும் என்பது அடிப்படை விதி. இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் 'எங்க தாத்தா சொன்னார்' என்று எழுதிவிடுவார்களே! விதி நியாயமானது. ஆனால், அச்சில் அதிகம் இடம்பெறாத மக்களின் வரலாறு இதே விதியால் வெளியே நின்றுவிடுகிறது. 2011-ல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாய்மொழியைப் பதிவு செய்து ஆதாரமாகக் காட்டலாமா என்று ஒரு முயற்சியே நடந்தது. விவாதம் கிளம்பியது, விதி பெரிதாக மாறவில்லை.

திருவக்கரைக் கல்மரங்களைப் பற்றி 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொனெரா எழுதி வைத்துவிட்டார். சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய மரத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 40 ஆண்டுக்கு முன்னால் மயிலம் ஸ்டேஷனில் டோக்கன் கொடுத்தவருக்குக் கிடைப்பது கஷ்டம்.

அதற்காகத் தாத்தா சொல்வது வீண் இல்லை. அது ஆதாரம் ஆகாது, ஆனால் துப்பு. 'அந்த வருஷ வெள்ளத்துல பாலம் போச்சு' என்று அவர் சொன்னால், அந்த வருஷத்து நாளிதழைத் தேடிப் போகலாம். கிடைத்துவிட்டால் அவர் சொன்னது கட்டுரைக்குள் வந்துவிடும்.

நீங்க என்ன செய்யலாம்?

* மணல்தொட்டியில் பழகுங்கள்: கணக்கு தொடங்கியதும் 'மணல்தொட்டி' என்ற பக்கம் கிடைக்கும். அங்கே என்ன எழுதிப் பார்த்தாலும் யாரும் திட்ட மாட்டார்கள்.

* படம் எடுங்கள்: சின்ன ஸ்டேஷன்களுக்குத்தான் படம் குறைவு. நீங்களே எடுத்த படத்தை 'விக்கிமீடியா பொதுவகம்' தளத்தில் ஏற்றலாம். உங்கள் பெயரைச் சொல்லி யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று சம்மதிக்கணும். எடுக்கும் முன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் மட்டும் இறங்கவே இறங்காதீர்கள்.

* பரணைப் பாருங்கள்: பழைய ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் கிடைத்தால் தூக்கிப்போடாதீர்கள். எந்த வருஷம் எந்த ரயில் எங்கே நின்றது என்பதற்கு அது அச்சில் வந்த ஆதாரம்.

* நூலகம் போங்கள்: 1906-ல் வெளியான தென்னாற்காடு மாவட்ட கெஸட்டியர் காப்புரிமை முடிந்த புத்தகம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா நூலகம் இருக்கின்றன. போனிலேயே தேட தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது.

* காப்பி அடிக்காதீர்கள்: வேறு தளத்தில் இருப்பதை அப்படியே ஒட்டினால் அழித்துவிடுவார்கள். படித்துவிட்டு உங்கள் வாக்கியத்தில் எழுதி, எங்கே படித்தீர்கள் என்று குறிப்பிடுங்கள்.

* சுற்றி வரும் ஆதாரத்தில் மாட்டாதீர்கள்: விக்கிப்பீடியாவைப் பார்த்து ஒரு செய்தித்தளம் எழுதும். அந்தச் செய்தியையே விக்கிப்பீடியாவுக்கு ஆதாரமாகக் காட்டுவார் இன்னொருவர். ஒரு தப்பு 'உண்மை' ஆவது இப்படித்தான். இணையம் வருவதற்கு முன் அச்சான ஆதாரம் கிடைத்தால் அதைக் காட்டுங்கள்.

முதல் திருத்தத்தை யாராவது அழித்தால் சோர்ந்துபோக வேண்டாம். பேச்சுப் பக்கத்தில் 'ஏன்?' என்று கேளுங்கள். பெரும்பாலும் 'ஆதாரம் கொடுங்க தம்பி' என்பதாகத்தான் பதில் இருக்கும். அடுத்த முறை ரயிலுக்குக் காத்திருக்கும்போது ரீல்ஸ் பார்ப்பதை நிறுத்திவிட்டு, நிற்கும் ஸ்டேஷனின் பக்கத்தைத் தமிழில் தேடிப்பாருங்கள். ரெண்டே வரிதான் இருக்கிறதென்றால், மூணாவது வரியை நீங்க எழுதலாம்.